கார்முகிலில் ஐந்தாவது ருசி

அத்தியாயம் 6

“குடிக்காதே. முதல்ல மோந்து பாரு” என்றாள் தேவசேனா.

அவள் உதவியாளன் யஸ்வந்தின் கிளாஸில் ஏற்கெனவே பாதிதான் இருந்தது.

“மோந்து பாத்தேன் மேடம். மூக்கு, ‘எனக்குத் தெரியாது, வாயைக் கேளு’ன்னுச்சு. கேட்டுக்கினு இருக்கேன்.”

“வாய் என்ன சொல்லுது?”

“இன்னொண்ணு ஆர்டர் பண்ணச் சொல்லுது.”

தேவசேனா சிரிக்கவில்லை. தன் முன்னால் இருந்த கிளாஸைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். டிகாஷன் போலக் கறுப்பு. ஓரத்தில் மட்டும் மாதுளைச் சிவப்பு. மேலே பழுப்பு நுரை. நேற்று அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்ன அடையாளங்கள் அத்தனையும் இருந்தன.

திருப்பதியில் தேவசேனா நடத்தும் துப்பறியும் ஏஜென்சிக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் நிஜமாகவே அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறானா, சாயங்காலம் ஆனால் எங்கே போகிறான், பழைய கதை ஏதாவது உண்டா. ஆனால் நேற்று வந்த யாமினி வேறு யாரையும் விசாரிக்கச் சொல்லவில்லை. தன்னையே விசாரிக்கச் சொன்னாள்.

“நான் திருடி இல்லைன்னு நீங்க கண்டுபிடிச்சுத் தரணும் மேடம்.”

யாமினி நகரிப் பக்கத்துப் பெண். உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். ரேணிகுண்டா சாலையில் வீராசாமி என்பவரின் ஓட்டலில் பீர் காய்ச்சுவது அவள் வேலை. அவள் உருவாக்கிய கறுப்பு பீருக்குப் பெயர் ‘கார்முகில்’. எந்த மால்ட்டை எவ்வளவு சேர்ப்பது என்ற கணக்கு அவள் தலைக்குள் மட்டுமே இருந்தது. அந்தத் தலை மீது வீராசாமிக்கு அவ்வளவு நம்பிக்கை. தன் ஒரே மகன் சுதீருக்கே அவளை நிச்சயம் செய்திருந்தார். தை மாதம் கல்யாணம்.

போன வாரம் வீராசாமி ஒரு விருந்துக்காகச் சித்தூர் வந்தார். பிரபாகர் என்பவர் புதிதாகத் திறந்திருந்த இந்தக் கடையில் ஒரு வாய் குடித்தவர், அப்படியே எழுந்து நின்றுவிட்டாராம். அது கார்முகில்.

‘செய்முறையை வித்துட்டா’ என்றார் வீராசாமி. வேறு யாருக்கும் தெரியாத ஒன்றை வேறு யார் விற்க முடியும்? வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் அவள் விற்கவில்லை என்று தெரியவேண்டும். இல்லாவிட்டால் வேலையும் இல்லை, கல்யாணமும் இல்லை. செய்முறையை விற்றவள் என்று ஒரு முறை பெயர் வந்துவிட்டால் பெங்களூரில்கூட எந்தக் கடையும் அவளை உள்ளே சேர்க்காது.

இன்று வெள்ளிக்கிழமை.

“எப்படி இருக்கு மேடம்? பாகுந்தா?” என்று வந்து நின்றார் பிரபாகர். பளபளக்கும் சட்டை. அதைவிடப் பளபளப்பான சிரிப்பு. “எல்லாம் இங்கயே காய்ச்சறது. அதோ பாருங்க, ஜெர்மன் மெஷின்.”

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் செம்பு நிறத்தில் பெரிய பெரிய தொட்டிகள் மின்னின. ஒரு விரல் ரேகைகூட இல்லை.

“என்ன மால்ட் போடறீங்க?” என்று கேட்டாள் தேவசேனா.

“பார்லி மேடம்.”

“எல்லா மால்ட்டும் முளைகட்டின பார்லிதான். அதுல எந்த ரகம்?”

பிரபாகரின் சிரிப்பு கொஞ்சம் நகர்ந்தது. “நம்பர் ஒன் ரகம்.”

“அப்போ நம்பர் டூவை யாருக்கு ஊத்தறீங்க?” என்று கேட்டான் யஸ்வந்த். பிரபாகர் வேறொரு மேஜையில் யாரோ கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு போனார். அந்த மேஜையில் யாரும் இல்லை.

“யஸ்வந்த், கடைக்குப் பின்பக்கம் போய் ஈ இருக்கான்னு பாத்துட்டு வா.”

“ஈயா?”

“ஈதான்.”

போனவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தான். “ஒரு ஈ கூட இல்லை மேடம். நான் போய் நின்னப்புறம் ரெண்டு வந்துச்சு, அது என்னைப் பாத்து வந்தது. பக்கத்துலயே எருமைக் கொட்டகை ஒண்ணு இருக்கு. இந்தக் கடையிலேர்ந்து உங்க மாட்டுக்குத் தீனி ஏதாச்சும் வருதான்னு பால்காரரைக் கேட்டேன். ‘பாட்டு சத்தம்தான் வருது, அதைக் கேட்டு மாடு பால் குடுக்க மாட்டேங்குது’ன்னாரு.”

தேவசேனா தலையசைத்தாள். கைப்பையிலிருந்து டீ பிளாஸ்க்கை எடுத்தாள். தொடாமல் வைத்திருந்த தன் கிளாஸை மேஜைக்கு அடியில் அதற்குள் கவிழ்த்தாள்.

“மேடம், அதை நான்...”

“உன் பங்கை நீ குடிச்சாச்சு. எழுந்திரு.”

*

பாகாலா, சந்திரகிரி தாண்டி ரேணிகுண்டா சாலையில் வீராசாமியின் ஓட்டலை அடைந்தபோது, பின் வாசலில் ஒரு டிராக்டர் நின்றிருந்தது. அதில் ஆவி பறக்க, ஈரமான பழுப்புத் தானியச் சக்கையை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏர்பேட்டிலிருந்து வந்த மாட்டுக்காரர் ஒருவர் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஒரு மேகம் போல ஈக்கள்.

“மேடம், ஈ!” என்று பழைய நண்பர்களைப் பார்த்தவன் போலக் கூவினான் யஸ்வந்த்.

“பீர் காய்ச்சினா சக்கை மிஞ்சும். சக்கை மிஞ்சினா மாட்டுக்காரர் வந்து நிப்பாரு.”

“சித்தூர்ல ஈயும் இல்லை, மாட்டுக்காரரும் இல்லை. அப்படின்னா அங்க...”

“அங்க கண்ணாடியை மட்டும் துடைக்கறாங்க. உள்ள போனதும் இதைப் பத்திப் பேசாதே.”

“பேசலை. ஆனா காய்ச்சாத கடைக்கு பீர் எங்கேர்ந்து வந்துச்சு?”

“அதைக் கேக்கத்தான் பிளாஸ்க்குல எடுத்துக்கினு வந்திருக்கேன்.”

காய்ச்சும் அறையில் யாமினி முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். இரவு தூங்காத கண்கள். வெந்நீரிலும் பிசுக்கிலும் கைவைக்கிற வேலை என்பதால் நிச்சயதார்த்த மோதிரத்தைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் இருந்த சுதீர் ஓடிவந்து நாற்காலி போட்டான். பார்த்தவுடன் பிடித்துப்போகிற முகம். “எங்க நைனா பிடிவாதக்காரர் மேடம். நான் யாமினி பக்கம்தான். அந்தப் பிரபாகர் கடைப் பக்கம்கூட நான் போனது கிடையாது.”

“உக்காருங்க தம்பி” என்றாள் தேவசேனா. “யாமினி, உன் பீர் எனக்கு வேணாம். கசப்பும் போதையும் பாதி ருசியை மறைச்சுடும். அதுக்கு முந்தி இருக்கற தானியத்தைக் காட்டு.”

யாமினியின் முகத்தில் முதன்முறையாக வெளிச்சம் வந்தது. “நாங்களும் அப்படித்தான் பாப்போம் மேடம். பொடிச்சு, வெந்நீர்ல ஊறவெச்சு, வடிகட்டிக் குடிப்போம்.”

“எங்க வீட்ல ராகி மால்ட் போடறதும் இப்படித்தான்” என்றான் யஸ்வந்த்.

“எங்க ஊர்ல நான் ராகி மால்ட் கம்பெனியில வேலை செய்றேன்னுதான் சொல்லி வெச்சிருக்காரு எங்க நைனா” என்றாள் யாமினி. சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

நான்கு கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக வந்தன. வைக்கோல் நிறத்தில் தொடங்கி, தேன் நிறம், செம்பு நிறம், கடைசியில் கறுப்பு.

“முதல் டம்ளர் சோறு மாதிரி மேடம். எல்லா பீர்லயும் இதுதான் ஜாஸ்தி இருக்கும். மீதி மூணுந்தான் ஸ்பெஷல் மால்ட். குழம்பு, ரசம், பொரியல் மாதிரி. ருசி குடுக்கறது அதுங்கதான்.”

தேவசேனா ஸ்பூனால் எடுத்துச் சுவைத்தாள். முதலாவதில் பாலில் நனைந்த பிஸ்கட். இரண்டாவது மியூனிக் மால்ட். பேக்கரியில் பன் வாங்கினால் மேலே பழுப்பாக ஒரு தோல் இருக்குமே, அதே ருசி.

மூன்றாவதை வாயில் வைத்தவுடன் அவள் புருவம் உயர்ந்தது. “உலர்ந்த திராட்சை. கூடவே வெல்லப் பாகு.”

“கேரமல் மால்ட் மேடம். இதை ஈரத்தோடவே சூடு பண்ணுவாங்க. உமிக்குள்ள இருக்கும்போதே சர்க்கரை பாகாயிடும். லேசா சூடு பண்ணினா டாஃபி மாதிரி இருக்கும். இது நல்லா சிவக்க விட்டது, அதான் திராட்சை.”

“நாலாவது?”

“சாக்லெட் மால்ட்.”

யஸ்வந்த் ஆசையோடு முந்திக்கொண்டு ஒரு மடக்கு குடித்து, முகத்தைச் சுளித்தான். “சாக்லெட் எங்க போச்சு?”

“அதுல சாக்லெட்டே கிடையாது அண்ணா. கறுக்க வறுத்தது. நிறத்தை வெச்சுப் பேரு.”

“மாப்பிள்ளை விசாரணையிலயும் இதைத்தான் பாக்கறோம். பேர்ல இருக்கறது உள்ள இருக்காது” என்றான் யஸ்வந்த்.

சர்க்கரை போடாத கோகோ, ஆறிப்போன டிகாஷன் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள் தேவசேனா. பிறகு பிளாஸ்க்கைத் திறந்து, சித்தூர் பீரை ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். ஒரு விரலை மடக்கினாள். பிஸ்கட் இருக்கிறது. அடுத்த விரல், ரொட்டித் தோல். திராட்சை. கோகோ. நான்கு விரல்களும் மடங்கிவிட்டன.

கட்டை விரல் மட்டும் நின்றது.

விழுங்கிய பிறகு, தொண்டையின் பின்பக்கத்தில் வேறு ஏதோ ஒன்று மெதுவாக எழுந்தது. இந்த நான்கு டம்ளரிலும் இல்லாத ஒன்று. அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாசனைதான். பெயர்தான் வரவில்லை.

“அஞ்சாவதா ஒரு ருசி இருக்கு” என்றாள். “நீ பாரு யாமினி.”

யாமினி ஒரு ஸ்பூன் குடித்தாள். அவள் கை தானாகக் கழுத்துக்குப் போய் மோதிரத்தைப் பிடித்துக்கொண்டது.

“எனக்கு... ஒண்ணும் தெரியலையே மேடம்.”

வாசலருகே நின்றிருந்த சுதீர் உற்சாகமாகக் கையைத் தட்டினான். “புகை மால்ட்டுன்னு ஒண்ணு இருக்கு மேடம், விறகுப் புகையில காயவைப்பாங்க. அதைப் போட்டிருப்பான் பிரபாகர். நாங்க அதை வாங்கறதே இல்லை. பாத்தீங்களா, அது எங்க கார்முகில் இல்லை! நைனா தந்தூரி துன்னுக்கினே குடிச்சாரு, புகை எங்க தெரியப்போவுது?”

தேவசேனா அவனை ஒரு கணம் அதிகமாகப் பார்த்தாள்.

யஸ்வந்த் அவள் காதருகே குனிந்தான். “நம்ம கட்சிக்காரரே பொய் சொல்றாங்க மேடம். நாக்கை வெச்சுப் பொழைக்கற பொண்ணுக்கு ஒண்ணும் தெரியலையாம்.”

“அவ ஒருத்திதான் பொய் சொல்றாளான்னு யோசிச்சுக்கினு இருக்கேன்” என்றாள் தேவசேனா.

*

வெளியே வெளிச்சம் மங்கியது. கதவு தள்ளித் திறந்தது. முதலில் புகை வந்தது. அதற்குப் பின்னால் தணல் தட்டோடு கங்கம்மா வந்தாள். வீராசாமியின் மனைவி, சுதீரின் அம்மா. மஞ்சள் பூசிய முகம். யாரையும் கேட்காமல் தொட்டி தொட்டியாகப் புகை காட்டிக்கொண்டு போனாள்.

“நவுருங்க, நவுருங்க. விளக்கு வெச்சாச்சு.”

சாம்பிராணி.

தேவசேனாவின் கட்டை விரல் மெதுவாக மடங்கியது.

“ஓட்டல் முழுக்கப் போடுவீங்களாம்மா?”

“வெள்ளிக்கெழம தவறாது. மத்த ரூமுக்கெல்லாம் ஒரு பிடி. இந்த ரூமுக்கு மட்டும் ரெண்டு பிடி” என்றாள் கங்கம்மா. “பெருமாள் இருக்கற ஊர்ல இந்தக் கருமத்தக் காய்ச்சிக்கினு கீறாங்க. வேணாம்னு சொன்னா எங்கூட்டுக்காரரு கேட்டாதானே? இந்த வாடை போவணும் இல்ல?”

மூலையில் தானியம் அரைக்கும் மெஷின் இருந்தது. அதன் வாய் மேல்நோக்கித் திறந்திருந்தது. கங்கம்மா அதற்குள்ளும் தட்டைக் காட்டி மூன்று சுற்றுச் சுற்றினாள்.

“யாமினி” என்றாள் தேவசேனா. “அரைச்ச மால்ட் அதுக்குள்ள இருந்தா, இந்தப் புகையை இழுத்துக்குமா?”

“அத்தை எந்தத் தப்பும் பண்ணலை மேடம்” என்றாள் யாமினி, கேட்டதற்கு நேர் பதில் சொல்லாமல்.

“இன்னாடி தப்பு? நான் இன்னா பண்ணேன்?”

யாமினியின் கண்கள் நிறைந்துவிட்டன. “கருட சேவைக்கு முந்தின நாள் மேடம். வெள்ளிக்கிழமை. மறுநாள் ரோடெல்லாம் கூட்டம் அடைச்சுக்கும்னு, காலையில அரைக்கறதை முந்தின சாயங்காலமே அரைச்சு வெச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். எப்பவும் அப்படிச் செய்ய மாட்டேன். காய்ச்சி, ஊறி, கடைசியில ருசி பாத்தா ஒரு தொட்டி முழுக்க சாம்பிராணி.”

கங்கம்மா தட்டோடு திரும்பினாள். “அய்யய்யோ. ஒரு தொட்டியா? ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“கல்யாணத்துக்கு முந்தியே மருமக மாமியார் மேல பழி போட்டான்னு ஆயிடும். மாமாவும் உங்களைத் திட்டுவாரு. அதான் யாருக்கும் தெரியாம ஊத்திடலாம்னு...”

“ஊத்தினது யாரு?” என்று கேட்டாள் தேவசேனா.

யாமினி தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சுதீரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவள் மிகவும் சிரமப்படுவது தெரிந்தது.

“நான்தான் மேடம்” என்றான் சுதீர் வேகமாக. “நீ கவலைப்படாதே, நானே பாத்துக்கறேன்னு சொன்னேன். சாக்கடையில ஊத்தியாச்சு.”

“சித்தூர் கடையில பீர் காய்ச்சறதே இல்லை தம்பி. பின்னாடி சக்கையும் இல்லை, ஈயும் இல்லை. செய்முறையைத் திருடினவனுக்கு அடுப்பு மூட்டற வேலை இருக்கும். அங்க அடுப்பே எரியலை. அப்போ அவருக்குப் போனது செய்முறை இல்லை. இங்க காய்ச்சின பீரே போயிருக்கு. அதுவும் அந்த ஒரு தொட்டி.”

“எனக்கெப்படி மேடம் தெரியும்? சாக்கடையிலேர்ந்து யாராச்சும்...”

“சாக்கடையிலேர்ந்து எடுத்திருந்தா நான் இந்நேரம் ஆஸ்பத்திரியில இருப்பேன்” என்றான் யஸ்வந்த் கலக்கத்தோடு.

தேவசேனா கங்கம்மா பக்கம் திரும்பினாள். குரல் மென்மையாக இருந்தது. “அம்மா, இந்த பீர் வாடை வர்ற இடத்துலதான் நீங்க ரெண்டு பிடி போடுவீங்க, இல்லையா?”

“ஆமா.”

“இந்த ரூமைத் தவிர வேற எங்கயாச்சும் ரெண்டு பிடி போட்டீங்களா?”

“வண்டியிலதான்” என்றாள் கங்கம்மா யோசிக்காமல். “தீவாளி கழிச்சு இவன் குடிபாலாவாண்ட பூமி பாக்கறேன்னு வண்டி எடுத்துக்கினு போனான். திரும்பி வந்து பாத்தா பின்சீட்டெல்லாம் ஈரம். குப்புனு இதே வாடை. சாமி கும்புடப் போற வண்டியாச்சேன்னு நான்தான் கதவ சாத்தி ரெண்டு...”

வாக்கியம் அங்கேயே நின்றது. குடிபாலா சித்தூரைத் தாண்டி இருக்கிறது. அது கங்கம்மாவுக்கும் தெரியும்.

“நீங்க வாசல்ல நின்னுக்கினு இருந்தீங்க” என்றாள் தேவசேனா சுதீரிடம். “நான் அஞ்சாவது ருசின்னுதான் சொன்னேன். ஒரு சொட்டுகூட குடிக்காம, அது புகைன்னு முதல்ல சொன்னது நீங்கதான்.”

சுதீரின் அழகான முகம் ஒரு சிறுவனின் முகமாகிவிட்டது. “கொட்டறதுக்குப் பதிலா குடுத்தேன், அவ்வளவுதான். பிரபாகர் ஃப்ரெண்டு. அவனோட மெஷின் ஓடலை, கடை திறக்கற தேதி வந்துடுச்சு. நைனா போய்க் குடிப்பாருன்னு நான் நினைக்கலை. யாமினி, உன்னைக் காப்பாத்தத்தான் புகை மால்ட்டுன்னு சொன்னேன். சத்தியமா.”

“ஒரு வாரம்” என்றாள் யாமினி. “ஒரு வாரமா மாமா என்னைத் திருடின்னு சொன்னாரு. நீங்க பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தீங்க. என் கண்ணைக் கூட தொடைச்சு விட்டீங்க.”

“எப்படி சொல்றதுன்னு தெரியலை.”

“தெரிஞ்சிருந்துச்சு. என்னை மாதிரியே உங்களுக்கும் பயம். ஆனா நான் பயந்தது உங்க அம்மாவுக்காக.”

அவள் நிதானமாகச் சங்கிலியைக் கழற்றினாள். மோதிரத்தை அதிலிருந்து உருவி, கங்கம்மாவின் தட்டில் தணலுக்குத் தள்ளி, விளிம்போரமாக வைத்தாள்.

“மேடம்” என்று முணுமுணுத்தான் யஸ்வந்த். “கடைசியில இதுவும் மாப்பிள்ளை விசாரணையாத்தான் முடிஞ்சுது.”

கங்கம்மா மகனைப் பார்த்தாள். “போயி உங்க நைனாவ இட்டுக்கினு வா. நீயே உன் வாயால சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்றேன்.” அவன் போனபின் மோதிரத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். யாமினியின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. தட்டைப் பார்த்தே பேசினாள்.

“இத வெச்சிட்ட, சரி. ஏன்னு நான் உன்னக் கேக்க மாட்டேன். ஆனா வேலைய வுட்டுட்டுப் போயிடாத. அத்தன்னு கூப்புடறதையும் வுட்டுடாத.”

யாமினி மூக்கை உறிஞ்சினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பிளாஸ்க்கில் மிச்சமிருந்ததை டம்ளரில் ஊற்றி, இந்த முறை அவசரப்படாமல் ஒரு வாய் குடித்தாள். ரொட்டித் தோல், திராட்சை, கோகோ. எல்லாம் அடங்கியபின் கடைசியில் அது.

“அண்ணா, சித்தூர்ல ஜனங்க இதை நல்லாக் குடிக்கறாங்களா?”

“நான் பாதி குடிச்சதும் இன்னொண்ணு கேட்டேன்மா. மேடம்தான் சாட்சி.”

யாமினி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அத்தை, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் சாயங்காலமே அரைச்சுத் திறந்து வெக்கப் போறேன். நீங்க வந்து ரெண்டு பிடி போடறீங்களா?”

கங்கம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கோபம் வருமோ என்று யஸ்வந்த் ஒரு அடி பின்வாங்கினான். அவளோ டம்ளரை எடுத்து, குடிக்காமல், தூரமாகப் பிடித்து மோந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“ரெண்டு ஜாஸ்திடி” என்றாள். “ஒரு பிடி போதும்.”